கோழிப்பண்ணையில் நோய்: வராமல் தடுப்பதும் வந்தபின் கையாள்வதும்

கோழி தன் நோயை முடிந்தவரை மறைக்கும். தளர்ந்து நிற்கும் கோழியை மற்றவை கொத்தித் துரத்தும் என்பதால், உடம்புக்கு முடியாதபோதும் அது தீவனத் தட்டருகே போய் நிற்கும். அலகு தட்டில் இருக்கும், தீனிப்பை காலியாக இருக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, மூலையில் ஒதுங்கிய கோழி உங்கள் கண்ணில் படும்போது தொற்று கொட்டகைக்குள் நுழைந்து பெரும்பாலும் சில நாட்களாவது ஆகியிருக்கும். ஆகவே கோழியைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று இருப்பவர் எப்போதும் இரண்டு நாள் பின்னால்தான் இருப்பார். கோழிக்கு முன்பே சேதி சொல்பவை தண்ணீர்க் கணக்கு, தீவனக் கணக்கு, காலடியில் கிடக்கும் கூளம் ஆகிய மூன்றும்தான்.

தினக் கணக்கு

கொட்டகைக் கதவிலேயே ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வீட்டில் வைத்த நோட்டில் யாரும் எழுதுவதில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழுத வேண்டியவை: உயிரோடு உள்ள எண்ணிக்கை, இறப்பு, போட்ட தீவனம், குடித்த தண்ணீர், முட்டை, அன்றைய அதிக, குறைந்த வெப்பநிலை.

சாதாரண வெப்பத்தில் கோழி தின்னும் தீவனத்தின் எடையைப்போலச் சுமார் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். 500 முட்டைக்கோழிகள் தலைக்கு 110 கிராம் வீதம் 55 கிலோ தீவனம் தின்றால் தண்ணீர் 100 முதல் 110 லிட்டர் வரை போகும். வெயில் ஏறினால் இன்னும் கூடும். வானிலை மாறாமல் இருக்க, நேற்றைவிட இன்று 10 சதவீதம் குறைந்தால் முதலில் நிப்பிள் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய்முனை) அடைப்பையும் குழாய் அழுத்தத்தையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் நோயின் முதல் நாள் அதுதான் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். தீவனம் அப்படியே இருக்கத் தண்ணீர் மட்டும் கூடினால் தீவனத்தில் உப்பு மிகுந்திருக்கலாம், கழிச்சல் தொடங்கியிருக்கலாம், அல்லது எங்கோ குழாய் ஒழுகலாம்.

முதல் வாரத்தில் குஞ்சுகளின் மொத்த இறப்பு 1 சதவீதத்தைத் தாண்டினால் குஞ்சின் தரத்திலோ புரூடரிலோ (குஞ்சுகளுக்குச் சூடு தரும் அமைப்பு) கோளாறு. அதற்குப் பிறகு ஒரே நாளில் 0.5 சதவீதம் செத்தாலோ, இறப்பு இரண்டு நாள் அடுத்தடுத்து இரட்டித்தாலோ மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

இன்னொரு சோதனைக்குக் காசு செலவில்லை. இரவு விளக்கை அணைத்து, கோழிகள் அடங்கியபின், கால் மணி நேரம் கழித்து உள்ளே போய் அசையாமல் நில்லுங்கள். நல்ல கூட்டத்தில் இறகு உரசும் சத்தம் மட்டும்தான் கேட்கும். தும்மல், கொரகொரப்பு, தொண்டையில் சளி குமிழியிடுவது போன்ற ஒலி எங்காவது கேட்டால் சுவாச நோய் தொடங்கிவிட்டது. பகலின் இரைச்சலில் இது காதில் விழவே விழாது.

வாசலில் நிறுத்துவது

கிருமிக்குக் கால் கிடையாது. அது குஞ்சுப் பெட்டியிலும், முட்டை அட்டையிலும், கூண்டிலும், வண்டிச் சக்கரத்திலும், எலியிலும், காட்டுப் பறவையின் எச்சத்திலும் ஏறி வரும். எல்லாவற்றையும்விட அதிகமாக உங்கள் செருப்பில் வரும்.

கிருமிநாசினி ஊற்றிய கால் தொட்டியை வாசலில் வைத்துவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எச்சம் ஒட்டிய செருப்பை அதில் இரண்டு நொடி முக்கி எடுப்பதால் ஒன்றும் சாகாது. கிருமிநாசினிக்கு நிமிடக் கணக்கில் நேரம் வேண்டும். எச்சமும் மண்ணும் கலந்தால் அதன் வீரியம் போய்விடும், வெயில் பட்டால் குளோரின் பறந்துவிடும். தொட்டி வைத்தே தீர வேண்டுமென்றால் முதலில் தூரிகையால் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு தொட்டியில் நில்லுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

இதைவிட நம்பகமானது வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு பலகை. வெளிச்செருப்பைப் பலகைக்கு இப்பால் கழற்றி, பலகைமேல் உட்கார்ந்து காலைச் சுழற்றி அப்பால் வைத்து, அங்கே இருக்கும் கொட்டகைச் செருப்பை மாட்டுங்கள். வெளிப்பக்கம் பட்ட கால் உள்தரையைத் தொடக்கூடாது. ஒவ்வொரு கொட்டகைக்கும் தனிச் செருப்பு, முடிந்தால் வெவ்வேறு நிறத்தில். தவறான கொட்டகையில் நிற்கும் செருப்பைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

வேலை வரிசையும் மாறக்கூடாது. முதலில் இளங்குஞ்சு, பிறகு வளர்ந்தவை, கடைசியில் நோயுற்றவை. கடைசிக்குப் போனபின் அன்று திரும்ப முதலாவதுக்கு வரக்கூடாது.

ஒரு கொட்டகையில் ஒரே வயதுக் கோழிகள், ஒரே நாளில் உள்ளே, ஒரே நாளில் வெளியே என்ற முறைதான் சிறந்தது. அது முடியாதவர்கள் புதிதாக வாங்கியவற்றை 30 நாள் தனியே வைத்துக் கவனியுங்கள். நோயிலிருந்து தேறிய கோழி நல்ல கோழி என்று பொருளல்ல. கொரைசா, மைக்கோபிளாஸ்மா போன்ற சுவாச நோய்களில் தேறிய கோழி வெளியே நன்றாக இருந்துகொண்டே கிருமியைச் சுமந்து பரப்பும். தனிமைக் காலத்தின் பாதியில், உங்கள் பழைய கூட்டத்திலிருந்து ஓரிரு கோழிகளைப் புதியவற்றோடு விட்டுப் பாருங்கள். புதியவை மறைவாகச் சுமக்கும் நோய் பழையவற்றில் வெளிப்பட்டுவிடும். இழப்பு இரண்டு கோழியோடு முடியும்.

வாத்தையும் கோழியையும் ஒன்றாக வளர்க்காதீர்கள். பறவைக் காய்ச்சல் வைரஸை வாத்து அறிகுறியே இல்லாமல் சுமக்கும். வான்கோழியும் கூடாது. கோழியின் சீக்கத்தில் (குடலின் ஒரு பை) வாழும் புழுவின் முட்டை வழியாகக் கருந்தலை நோய் வான்கோழிக்குப் போய், கூட்டத்தையே காலி செய்யும்.

கூளம், காற்று, தண்ணீர்

ரத்தக்கழிச்சலை மருந்தால் மட்டும் வென்றவர் கிடையாது. அதை உண்டாக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தில் வெளியேறும்போது அந்த நேரத்தில் யாருக்கும் தொற்றாது. ஈரம், காற்று, 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். வெப்பத்தையும் காற்றையும் நீங்கள் எடுத்துவிட முடியாது. ஈரத்தை எடுக்கலாம். வழக்கமான கிருமிநாசினிகள் இந்த முட்டையின் ஓட்டைத் துளைப்பதில்லை என்பதால் இந்த ஈரக் கணக்கு இன்னும் முக்கியமாகிறது.

கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் அதிகம். சேரவே சேராமல் தூளாகக் கொட்டினால் மிகக் காய்ந்திருக்கிறது, புழுதி பறந்து மூச்சைக் கெடுக்கும். லேசாக ஒட்டி, விரலை விரித்ததும் உடைந்தால் ஈரப்பதம் சுமார் 20 முதல் 25 சதவீதம், அதுதான் வேண்டும். சோதிக்க வேண்டிய இடம் கொட்டகையின் நடுவல்ல, தண்ணீர்க் குவளையின் அடி. குவளையின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருந்தால் சிந்தாது. வாரம் ஒருமுறை உயர்த்தாமல் விட்டால் கோழி வளர வளரக் குவளை தாழ்ந்துபோய், கூளம் சேறாகும். கெட்டிப்பட்ட கூளத்தை அள்ளி வெளியேற்றி உலர்ந்ததைப் போடுங்கள். மேலே புதுக் கூளத்தைத் தூவி மூடினால் ஈரம் அடியிலேயே இருக்கும்.

ஈரக் கூளம் அம்மோனியாவைக் கிளப்பும். அது 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினால் மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கும். பிறகு ஈ.கோலை என்ற பாக்டீரியா நேராக நுரையீரலுக்கும் காற்றுப்பைக்கும் இறங்கும். கொட்டகைக்குள் நின்றபடி மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். மண்டியிட்டு, கோழியின் தலை உயரத்தில் மூக்கை வைத்து இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள். கண் கரித்தால் பக்கத் திரையை இறக்கிக் காற்றை விடுங்கள். குளிருக்குப் பயந்து எல்லாத் திரையையும் மூடுவதுதான் சுவாச நோய்க்கு மிகப் பழக்கமான வாசல். அடியில் மூடலாம், மேலே ஒரு இடைவெளி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் அவற்றின் முதுகு மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி. பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்து வாருங்கள். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும்: விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், வட்டத்தின் ஓரத்தில் அலகைத் திறந்து படுத்திருந்தால் சூடு, ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

தண்ணீரில் குளோரின் அளவைத் தொட்டியில் அளக்காதீர்கள். குழாயின் கடைக்கோடி நிப்பிளில் 2 முதல் 3 பிபிஎம் இருக்க வேண்டும். தண்ணீரின் pH அளவு 8க்கு மேல் ஏறினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. குழாயைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவினால் வழவழவென்று ஒட்டுகிறதா? அந்தப் பாசிப்படலத்துக்குள் கிருமி பத்திரமாக இருக்கிறது. வைட்டமின், குளுக்கோஸ் கலந்து கொடுத்த பின் குழாயை அலசாமல் விட்டால் படலத்துக்குத் தீனி போட்டது போலாகும்.

தடுப்பூசி: அட்டவணையைவிடக் கைப்பக்குவம்

பொதுவான வரிசை இப்படி. பொரிப்பகத்தில் முதல் நாளே மேரக்ஸ் (காலை முடக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசி, கழுத்துத் தோலடியில் 0.2 மில்லி. 5 முதல் 7 நாளில் வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிக்கெட்) எஃப் அல்லது லசோட்டா வகைத் தடுப்பூசி, கண்ணில் ஒரு சொட்டு. 12 முதல் 18 நாளுக்குள் கம்போரோ (எதிர்ப்புச் சக்தியைச் சிதைக்கும் வைரஸ் நோய்). 21 முதல் 28 நாளில் வெள்ளைக்கழிச்சல் இரண்டாம் முறை. முட்டைக்கோழிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் அம்மை, முட்டை தொடங்குமுன் வெள்ளைக்கழிச்சல் மீண்டும். உங்கள் பகுதியில் எந்த நோய் இருக்கிறதோ அதற்கேற்ப மருத்துவர் இதை மாற்றுவார். இல்லாத நோய்க்கு உயிருள்ள தடுப்பூசி போடுவது நோயை விலைக்கு வாங்குவது.

கம்போரோ நாளைத் தாய்க்கோழி தீர்மானிக்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியாக வந்த எதிர்ப்புப் பொருள் குஞ்சின் ரத்தத்தில் அதிகமாக இருக்கும்போது தடுப்பூசி போட்டால் அது தடுப்பூசியையே அழித்துவிடும். தள்ளிப்போட்டால் வைரஸ் முந்திக்கொள்ளும். பெரிய பண்ணைகள் குஞ்சின் ரத்தத்தைச் சோதித்து நாளைக் கணிப்பது இதனால்தான்.

தண்ணீரில் கொடுக்கும்போதுதான் பெரும்பாலான தடுப்பூசிகள் வீணாகின்றன. படிகள்:

1. ஒருநாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பே குளோரினை நிறுத்துங்கள். குவளைகளை வெறும் தண்ணீரில் தேயுங்கள், சோப்பும் கிருமிநாசினியும் வேண்டாம்.
2. விடியற்காலையில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்தித் தாகம் ஏற்படுத்துங்கள். கடும் வெயிலில் ஒரு மணி நேரம் போதும்.
3. லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து 20 நிமிடம் விடுங்கள். மிச்சமுள்ள குளோரினை அது கட்டிவிடும்.
4. குப்பியைத் தண்ணீருக்குள் முக்கியபடி திறந்து கலக்குங்கள்.
5. 1000 கோழிக்கு எத்தனை நாள் வயதோ அத்தனை லிட்டர் என்பது பழைய கணக்கு, அதிகபட்சம் 40 லிட்டர். 21 நாள் வயதுள்ள 500 கோழிக்குப் பத்தரை லிட்டர். இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும்.

தடுப்பூசிக்கென விற்கும் நீல நிறமியைத் தண்ணீரில் கலந்தால், குடித்த கோழியின் நாக்கும் தீனிப்பையும் நீலமாகும். நூறு கோழியைப் பிடித்து அலகைத் திறந்து பாருங்கள். 90க்குக் குறைவாக இருந்தால் குவளை எண்ணிக்கை போதவில்லை, பலமில்லாத கோழிகள் ஓரம் தள்ளப்பட்டிருக்கின்றன.

கண்ணில் சொட்டு விடும்போது சொட்டு உள்ளே இழுக்கப்படும்வரை குஞ்சைக் கையில் வைத்திருங்கள். அவசரத்தில் கீழே விட்டால் தலையை உதறி மருந்தைத் தரைக்குத் தந்துவிடும். அம்மை ஊசியை இறக்கைத் தோலில் இரட்டை முள்ளால் குத்துவார்கள். 7 முதல் 10 நாள் கழித்து அதே இடத்தில் சிறு வீக்கமோ பொருக்கோ இருக்கிறதா என்று சிலவற்றைப் பிடித்துப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் மருந்து செத்திருந்தது, அல்லது முள் தோலைத் துளைக்காமல் இறகில் பட்டது.

குப்பி எப்போதும் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். எண்ணெய் கலந்த செத்த தடுப்பூசி உறைந்தால் குப்பையில்தான் போட வேண்டும். நோயுற்ற கூட்டத்துக்குத் தடுப்பூசி போடுவதா என்பதை மருத்துவரிடம் விடுங்கள். இன்னொன்று: மேரக்ஸ், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிகள் நோயைத் தடுக்கும், தொற்றை முழுதாகத் தடுப்பதில்லை. தடுப்பூசி போட்ட கோழி நலமாக இருந்துகொண்டே வைரஸை வெளியேற்றலாம். ஆகவே ஊசி போட்டாயிற்று என்று செருப்பு மாற்றுவதை விட்டுவிடாதீர்கள்.

எது என்று ஊகிப்பது

வயது பாதி விடையைச் சொல்லும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எச்சத்துளையில் வெள்ளை எச்சம் ஒட்டிக் குஞ்சு சாவது சால்மொனெல்லா. கொரகொரப்பே இல்லாமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பூஞ்சணம் பிடித்த கூளத்தை மோந்து பாருங்கள். அந்தப் பூஞ்சை நுரையீரல் நோய்க்கு மருந்தில்லை, கூளத்தை மாற்றுவதுதான் வழி.

3 முதல் 6 வாரத்தில் ரத்தம் கலந்த எச்சமென்றால் ரத்தக்கழிச்சல். அதே வயதில் கோழி தன் எச்சத்துளையையே கொத்திக்கொண்டு, சாவு மூன்று நான்கு நாளில் உச்சம் தொட்டு, ஒரு வாரத்தில் தானாகவே இறங்கினால் கம்போரோ. இந்தக் கடைசி அம்சத்தால்தான் அன்று கொடுத்த ஏதோ ஒரு மருந்துக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. வைரஸ் அதன் ஓட்டத்தை முடித்துக்கொண்டதே தவிர மருந்து ஒன்றும் செய்யவில்லை. கம்போரோ போனபின் எதிர்ப்புச் சக்தி சிதைந்து மற்ற நோய்கள் வரிசைகட்டி வரும்.

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக விரித்துப் படுத்தால் மேரக்ஸ். முகம் வீங்கி, மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் நீர் வடிந்து, ஓரிரு நாளில் கூட்டம் முழுதும் பரவினால் கொரைசா. மெதுவாக, வாரக்கணக்கில் இழுத்தால், கண்ணோரம் நுரை கட்டினால் நாள்பட்ட சுவாச நோய். கொண்டையில் பொருக்கு அம்மை, கொசுவும் பரப்பும்.

பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சுத்திணறல், முறுக்கிய கழுத்து என்றால் வெள்ளைக்கழிச்சல். திடீரென்று கூட்டமாகச் சாவு, நீலம் பாரித்த கொண்டை, வீங்கிய தலை, கால் செதில்களில் ரத்தத் திட்டு என்றால் பறவைக் காய்ச்சல் என்று நினைக்க வேண்டும். இந்த இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, ஆய்வகம்தான் சொல்லும். இப்படிச் சாவு விழுந்தால் கோழியை அறுத்துப் பார்க்காதீர்கள். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். எதையும் பண்ணையைவிட்டு வெளியேற்றாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். இரண்டும் உலக அளவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்கள். அவசரமாக விற்றுத் தள்ளுவதுதான் ஒரு பண்ணையின் நோயை ஊர் நோயாக்குகிறது.

முதல் 24 மணி நேரம்

சந்தேகம் வந்ததும் வாசலைப் பூட்டுங்கள், வண்டி உள்ளே வரக்கூடாது. தளர்ந்தவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். பிரித்த அறை காற்று வீசும் திசையில் மற்றவற்றுக்குக் கீழே இருக்கட்டும். தேறாது என்று தெரிந்த கோழியை வைத்துக்கொண்டிருப்பது கிருமித் தொழிற்சாலையை ஓட்டுவதுதான். வலியில்லாமல் கொன்று அப்புறப்படுத்தும் முறையை மருத்துவரிடம் முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன கூட்டச் சாவு இல்லையென்றால், பரிசோதனைக்குக் காலையில் செத்த இரண்டு கோழிகளும், அறிகுறியோடு உயிருள்ள இரண்டும் வேண்டும். நேற்று செத்தது அழுகிப்போய் எதையும் காட்டாது. செத்தவற்றை இரட்டைப் பையில் கட்டி, பனிக்கட்டியோடு அனுப்புங்கள், உறைய வைக்காதீர்கள். முக்கியமாக, மருந்து கொடுக்குமுன் மாதிரி எடுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தபின் எடுத்தால் கிருமி வளராமல் போய்ப் பெயர் தெரியாமலே போகும்.

மருந்துக் கணக்கு

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பின்தொடரும் ஈ.கோலைக்காக மருத்துவர் எழுதித் தரலாம், அது வேறு விஷயம்.

அளவை லிட்டர் கணக்கில் போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. 500 கோழி, சராசரி ஒன்றரைக் கிலோ, மொத்தம் 750 கிலோ. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் நாளுக்கு 15 கிராம் மருந்து தேவை. பொடி 20 சதவீதமென்றால் 75 கிராம். நலமாக இருக்கும்போது 100 லிட்டர் குடிக்கும் என்பதால் லிட்டருக்கு முக்கால் கிராம் என்று கலக்குவார்கள். ஆனால் நோயுற்ற கூட்டம் 60 லிட்டர்தான் குடிக்கும். உள்ளே போவது 45 கிராம் பொடி, கிலோவுக்கு 12 மில்லிகிராம். நோய் குணமாகாது, கிருமி மருந்துக்குப் பழகும். எனவே எடைக்கேற்ற பொடியை அளந்து, இன்று உண்மையில் குடிக்கும் தண்ணீரில் கரையுங்கள். உங்கள் நோட்டின் தண்ணீர்ப் பத்தி இங்கே கை கொடுக்கும்.

ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் 20 சதவீதப் பொடியை லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் 3 முதல் 5 நாள், பிறகு 0.3 கிராம் வீதம் ஒன்றிரண்டு வாரம் கொடுப்பது வழக்கம். இந்த மருந்து தயாமின் என்ற பி1 வைட்டமினைப்போல நடித்துக் கிருமியைப் பட்டினி போடுகிறது. கூடவே பி வைட்டமின் டானிக் கொடுத்தால் நீங்களே அதற்குச் சோறு ஊட்டுகிறீர்கள். டானிக்கை மருந்து முடிந்தபின் கொடுங்கள்.

மருந்து நிறுத்தியபின் எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் விற்கக்கூடாது என்பது பொட்டலத்தில் இருக்கும். நோட்டில் அந்தத் தேதியைச் சிவப்பில் எழுதுங்கள்.

காலி செய்து, கழுவி, மீண்டும் ஏற்றுவது

செத்தவற்றைத் தினமும் எடுங்கள். குழி கிணற்றுக்கும் ஓடைக்கும் தூரத்தில், மேலே குறைந்தது 60 செண்டிமீட்டர் மண் மூடும் ஆழத்தில் இருந்தால் நாய் தோண்டாது. பழைய கூளத்தைக் குவித்துத் தார்ப்பாயால் மூடிவைத்தால் உள்சூடே பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும்.

கழுவும் வரிசையை மாற்றாதீர்கள்: கூளத்தையும் தூசியையும் உலர்வாகவே அள்ளி, சோப்புநீர் தெளித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, மேலிருந்து கீழாக அழுத்தத்தில் கழுவி, காயவிட்டு, அதன்பிறகே கிருமிநாசினி. எச்சத்தின் மேல் தெளித்த கிருமிநாசினி எச்சத்தோடுதான் சண்டை போடும். ஈரத்தின் மேல் தெளித்தால் நீர்த்துப்போகும். குளோரினோடு அமிலத்தையோ அம்மோனியாவையோ கலந்தால் நச்சு வாயு வரும். கொட்டகை முழுதாகக் காய்ந்து 14 நாளாவது காலியாக இருக்கட்டும். அந்த நாட்களில் எலிப் பொந்துகளை அடைத்து, சிவப்பு உண்ணி ஒளியும் மர இடுக்குகளைப் பாருங்கள். அது மாதக்கணக்கில் ரத்தமில்லாமல் காத்திருக்கும்.

புதுக் குஞ்சு இறங்கிய 24 மணி நேரத்தில் ஐம்பது குஞ்சுகளின் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று, கஞ்சிபோல நிறைந்திருந்தால் சரி, 95 சதவீதம் அப்படி இருக்க வேண்டும். கல்போல இருந்தால் தீவனம் கிடைத்திருக்கிறது, தண்ணீர் கிடைக்கவில்லை. தண்ணீர் மட்டும் தளும்பினால் தீவனத் தட்டைக் கண்டுபிடிக்கவில்லை. காலியாக இருப்பவற்றைக் கையில் எடுத்து, அலகைத் தண்ணீரில் ஒருமுறை தொட்டு, தட்டின் மேலேயே விடுங்கள்.